ஒண்ணாம் நம்பர் இருக்கீங்களா?

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருப்பவளுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? எலும்பு உடைந்திருந்தால் உடைந்திருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அப்பேர்ப்பட்டவள் எட்டு மாதமாக ஒரே பொய்யை மாற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றால், எல்லாம் அந்த மனுஷனுக்காகத்தான்.

"அவர் வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார்ங்க. எப்ப வருவார்னு தெரியல."

போனில் அந்தப் பக்கம் கப்பல்காரர். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர், அதனால் அந்தப் பெயர். இந்தப் பக்கம் வெளியூர் போயிருக்கிற மனுஷனோ பக்கத்து அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் வரலையா? சரிம்மா, ஒரு சேதி சொல்லிடறேன். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ரோல்கால் பட்டியலைத் திருத்தி எழுதறோம். ஆறு மாசத்துக்கு மேல வராதவங்க பேரை எடுத்துடணும்னு விதி. அந்த விதியைப் போட்டதே உங்க வீட்டுக்காரர்தான். நானும் ரெண்டு மாசம் இழுத்துப் பாத்துட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் முதல்ல அவர் நம்பரைத்தான் கூப்பிடறேன், கூப்பிட்டுட்டு சும்மா உக்காந்திருக்கேன். மத்தவங்க கேக்கறாங்க."

இந்த ரோல்கால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ரேடியோ வைத்து வானலையில் பேசிக்கொள்கிற ஹாம் கூட்டம் ஒன்று உண்டு. அதில் பதினாறு பேர், ஆளுக்கொரு ஊர், ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற மாதிரி ஒருத்தர் நம்பர் நம்பராகக் கூப்பிடுவார், மற்றவர்கள் 'இருக்கேன்' என்று சொல்லி நாலு வார்த்தை பேசுவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதை ஆரம்பித்ததும், ஒரு ஞாயிறு விடாமல் நடத்தியதும் லிஃப்ட் மெக்கானிக்தான். பட்டியலில் அவர் ஒண்ணாம் நம்பர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் வேலையிடத்தில் ஏணி வழுக்கிவிட்டது. விழுந்ததில் கழுத்தெலும்பு இரண்டு நரம்பை அழுத்திவிட்டது. படம் எடுத்தவள் மனைவியேதான். 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிற அதே குரலில் அவருக்கும் சொன்னாள். கால் தப்பித்தது. கை இரண்டும் தோளிலிருந்து அசையும், முழங்கை மடங்கும், விரல்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. ரேடியோவின் குமிழைத் திருப்பப் போனால் விரல் வழுக்கி அலைவரிசை எங்கேயோ போய் நிற்கும். இரண்டு தடவை முயன்று பார்த்தார். மூன்றாம் நாள் ரேடியோவுக்கு உறை போட்டுவிடச் சொல்லிவிட்டார்.

"என் கை விஷயம் அவங்க யாருக்கும் தெரியக்கூடாது. வெளியூர் போயிருக்கார்னு சொல்லிடு." அவ்வளவுதான் உத்தரவு.

அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். சாப்பிடறீங்களா என்றால் பாக்கலாம். நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போவோமா என்றால் பாக்கலாம். வாய் ஓயாமல் பேசுகிறவர் என்று அவரைக் கல்யாணம் செய்த நாளில் சலித்துக்கொண்டவள் அவள். இப்போது அந்தச் சலிப்புக்காக ஏங்கினாள். கப்பல்காரர் சொன்ன சேதியை அவரிடம் சொன்னபோதும் விட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எடுக்கட்டும்" என்றார்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. ஒண்ணாம் நம்பரும் போய்விட்டால் இந்த மனுஷன் மறுபடி வாயைத் திறக்க ஒரு காரணமும் மிஞ்சாது. மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் வேலையில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பக்கம் மெஷின் தானாக இறங்கி நோயாளியின் மார்புக்கு நேராக நின்றது. அழுத்திய விரல் அப்படியே நின்றது. ஒரு டன் எடையுள்ள மெஷினை ஒரு விரலால் இங்கிருந்து ஆட்டிவைக்கிறேன். ஒரு பெட்டி அளவு ரேடியோவை ஆட்டிவைக்க ஒரு புரோகிராம் இருக்காதா என்று நினைத்தாள். உள்ளே நின்றவர் மூச்சைப் பிடித்தபடி முழிபிதுங்கிப் பார்ப்பது தெரிந்ததும், "விடுங்க, விடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தாள். இருக்கிறது, ஒன்றல்ல, ஐம்பது இருக்கிறது. எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. ரேடியோ செய்த கம்பெனியின் சொந்தப் புரோகிராம் புது மாடலுக்கு மட்டும். இவருடையது பன்னிரண்டு வருஷப் பழசு. இன்னொன்று இறங்கியது, திறந்தது, பதினைந்து வகை ரேடியோவின் பெயரைக் காட்டியது, அதில் இது மட்டும் இல்லை. மூன்றாவது யாரோ ஒரு ஹாம் தன் பொழுதுபோக்குக்காக எழுதி இலவசமாக விட்டது. அதில் மாடல் பெயர் இருந்தது. திரையோ விமானம் ஓட்டுகிற இடம் மாதிரி, எங்கே பார்த்தாலும் பொத்தான். ரேடியோவின் பின்பக்கத்து ஒன்பது முள் சாக்கெட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே போட ஒரு கேபிள் வரவழைத்தாள். மாட்டினாள். ரேடியோ கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது.

நாத்தனார் பின்னால் வந்து நின்றாள். அவருடைய அக்கா. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று தையல் மெஷினைக் கட்டிக்கொண்டவள். அதே வீட்டில் நடு அறையில் அவள் ராஜ்ஜியம்.

"ஏம்மா, அவனோட கூட்டாளிங்களைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லமாட்டாங்களா?"

"எப்படிக்கா கேக்கறது? வெளியூர் போனவரோட ரேடியோவுக்கு எதுக்கு இப்ப புரோகிராம்னு கேப்பாங்களே."

"அதுவும் சரி. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாச்சு, இனி இலையைத் தூக்க முடியாது."

சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதையாக ஒரு வாரம் போனது. கம்ப்யூட்டர் கேட்கும், ரேடியோ பதில் சொல்லாது. ஒரு மாலை அவள் தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தாள். "வேகம் ஒம்பதாயிரத்து அறுநூறுன்னு போட்டிருக்கேன். கேபிள் சரியா இருக்கு. எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் என்னதான் கேடு இதுக்கு?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மெனு முப்பத்தேழு."

அவள் மூச்சுவிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று தெரியும்.

"ரேடியோவுக்குன்னு தனியா ஒரு வேகம் உண்டு. நாலாயிரத்து எண்ணூறுல இருக்கும். ரெண்டும் ஒரே வேகத்துல பேசலைன்னா ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் புரியாது" என்றார். பிறகு, "கம்ப்யூட்டர்ல ஓட்டறதெல்லாம் ஒரு ரேடியோவா" என்று சேர்த்துக்கொண்டார். திட்டுதான். ஆனால் எட்டு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது, அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

மெனு முப்பத்தேழை மாற்றினாள். திரையில் ஒரு அம்பை அழுத்தினாள். ரேடியோவின் முகத்தில் எண்கள் தானாக ஓடின. தொட ஆளில்லாமல் ஓடுகிற அந்த எண்களை அவர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். மவுஸுக்குப் பதில் மேலே பெரிய உருண்டை வைத்த ஒன்றை வாங்கியிருந்தாள். உள்ளங்கையின் அடியால் உருட்டினால் போதும். இரண்டு நாள் கழித்து, யாருமில்லாதபோது அவர் அதை உருட்டிப் பார்த்ததை நாத்தனார் கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை பேசறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"பாக்கலாம்" என்றார். இந்தப் பாக்கலாம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது போல அவளுக்குத் தோன்றியது.

அந்த ஞாயிறும் வந்தது. இனி கையால் தொட வேண்டியதில்லை என்பதால் ரேடியோவைத் தூக்கித் திரைக்குப் பின்னாலிருந்த அலமாரித் தட்டில் வைத்தாள். மைக்கை அவர் வாய்க்கு நேராக ஸ்டாண்டில் நிறுத்தினாள். மிச்சமிருந்தது ஒரே வேலை. அவர் மணிக்கட்டால் ஸ்பேஸ் பாரை அமுக்கினால் ரேடியோ பேச ஆரம்பிக்க வேண்டும், விட்டால் கேட்க வேண்டும். 'பேசு' என்கிற சேதியை எந்தக் கம்பி வழியாக அனுப்பட்டும் என்று புரோகிராம் கேட்டது. இரண்டு கம்பியின் பெயரைக் காட்டியது. இரண்டும் மூன்றெழுத்து, இரண்டுக்கும் அர்த்தம் தெரியவில்லை. அவரைக் கேட்டால் மறுபடி கட்டிலுக்குப் போய்விடுவாரோ என்று பயம். இருக்கட்டுமே என்று இரண்டிலும் டிக் போட்டாள். பிறகு ரேடியோவை ஆன் செய்தாள். மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

நடு அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மோட்டார் ரேடியோவில் கர்ர் என்று இரையும். அதனால் ஞாயிறு பத்து மணிக்கு அது ஓடக்கூடாது என்று பதினோரு வருஷமாக அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. எட்டு மாதமாக அக்கா இஷ்டத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தணுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"பத்தாகட்டும்க்கா."

பத்தானது. ஸ்பீக்கரில் ஒரு குரலும் இல்லை. பத்து இரண்டு. ஒன்றுமில்லை.

"யாரும் இல்ல. கலைச்சிட்டாங்க" என்றார் அவர். "இல்லன்னா வேற அலைவரிசைக்குப் போயிருப்பாங்க. நம்மகிட்ட சொல்லணும்னு யாருக்கு என்ன வந்தது?"

"நாமதான் வெளியூர்னு சொல்லி வச்சிருக்கோமே. எங்க வந்து சொல்லுவாங்க?"

"உன்னை யார் பொய் சொல்லச் சொன்னது?"

அவள் நிதானமாகத் திரும்பினாள். "நீங்கதான்."

அதற்குமேல் அவருக்கும் அடக்கிவைக்க முடியவில்லை. "வேற என்ன சொல்லச் சொல்ற? அவங்க வீட்டு ஆன்டெனா எல்லாம் ஏத்திக் குடுத்தவன் நான். ரொட்டிக்கடைக்காரர் வீட்டுல நாப்பதடி கம்பத்துல ஏறி நின்னு கீழ இருக்கறவங்களை வேலை வாங்கினவன். இன்னிக்கு டம்ளரைத் தூக்கினா பாதித் தண்ணி சட்டையில. தெரிஞ்சா அவங்க குரல்ல ஒரு 'ஐயோ பாவம்' வரும் பாரு, அதைக் கேக்கறதுக்குப் பேரை எடுத்துட்டாலே தேவலை."

"அவங்க பாவம் பாக்கறதையே பேசறீங்க. நான் எதைப் பாக்கறேன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?" அவள் குரல் உயரவில்லை, நடுங்கியது. "உங்க கழுத்துப் படத்தை நான்தான் எடுத்தேன். அன்னிக்குக்கூட நான் அழல. கை வரும், வராமலும் போகும், எனக்குத் தெரியும். வாய்க்கு என்ன வந்துச்சு உங்களுக்கு? எதைக் கேட்டாலும் பாக்கலாம், பாக்கலாம். வீட்டுல ஆள் இருக்கறது தெரியாம நான் உள்ள வந்து எட்டிப் பாத்துட்டுப் போறேன். எனக்கு இது தாங்கல."

அவர் பார்வையைச் சுவருக்குத் திருப்பினார். பிறகு, "காலையில நீ சட்டைப் பட்டன் போட்டுவிடறப்போ நான் சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கறேனே, ஏன் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"உன் முகத்தைப் பாத்தா அழுதுடுவேன். அதான்."

நடு அறையில் தையல் மெஷின் நின்றுவிட்டது. அக்கா துணியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வீடு சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில், திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு விசிறிச் சத்தம் வந்தது.

லிஃப்ட் மெக்கானிக் தலையை நிமிர்த்தினார். முகமே மாறிவிட்டது.

"இரைச்சல் எங்க?"

"என்ன இரைச்சல்?"

"யாரும் பேசலைன்னாலும் ரேடியோவுல 'உஸ்'ஸுன்னு இரைச்சல் இருக்கணும். இது சுத்தமா செத்துக் கிடக்கு, விசிறி மட்டும் ஓடுது. கேக்கறப்போ அது ஓடாதே. பின்னால ஒரு சின்ன லைட் இருக்கும் பாரு, என்ன கலர்?"

அவள் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சிகப்பு, பேசும்போது எரிகிற நிறம். கேபிளைப் பிடுங்கிவிட்டாள். உஸ்ஸென்று இரைச்சல் அறை முழுக்க வந்து நிறைந்தது. மணி பத்து ஆறு.

"என்ன ஆச்சு?" என்று வாசல்படியில் வந்து நின்றாள் அக்கா.

"நாம பேசினது எல்லாம் வெளிய போயிருக்குக்கா. பதினாலு நிமிஷம்" என்றாள் மனைவி.

"எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

"இந்த நேரத்துக்கு எண்ணூறு கிலோமீட்டர்" என்றார் தம்பி, செத்த குரலில்.

"நல்லவேளை, அதுக்கு மேல போகலையே."

அப்போது ஸ்பீக்கரில் கப்பல்காரர் குரல் வந்தது.

"ஒண்ணாம் நம்பர். ஒண்ணாம் நம்பர் இருக்கீங்களா?"

"ஆஃப் பண்ணு" என்றார் அவர். அவள் கை சுவிட்ச் வரை போனது. அங்கேயே நின்றது. எட்டு மாதமாக அவர் சொன்னதையெல்லாம் கேட்டாயிற்று, இதை மட்டும் கேட்பதில்லை என்று கையை எடுத்துக்கொண்டாள்.

"பதில் சொல்லாட்டியும் பரவாயில்ல, கேளுங்க" என்றது குரல். "உங்க சிக்னல் அஞ்சு ஒம்பது, நூத்துக்கு நூறு, பேச்சு தெளிவு. பின்னால அக்காவோட தையல் மெஷின், வழக்கம் போல. அதைக் கேட்டுத்தான் யாருன்னே கண்டுபிடிச்சோம். நீங்க லைசென்ஸ்ல குடுத்த அழைப்புக்குறியைச் சொல்லாம பதினாலு நிமிஷம் பேசியிருக்கீங்க. அது விதிமீறல், எழுதி வச்சிருக்கேன். குறுக்க வந்து சொல்லலாம்னு பாத்தா நீங்க மைக்கை விட்டாத்தானே." கொஞ்சம் நிறுத்தினார். "கை விஷயம் கேட்டு மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு, இல்லைன்னு சொல்லமாட்டேன். எங்ககிட்ட மறைச்சது அதைவிடக் கஷ்டம். அதை நேர்ல வந்து பேசிக்கறேன்."

இன்னொரு குரல் உள்ளே வந்தது. மூக்கு அடைத்த குரல், ரொட்டிக்கடைக்காரர். "நாலாம் நம்பர் பேசறேன். ரேடியோ இப்படி விடாம பேசறதைக் கேட்டதுமே புரோகிராம் வேலைன்னு தெரிஞ்சுபோச்சு, அதனால தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. புரோகிராம்ல மூணாவது பக்கத்துல ரெண்டு கம்பிக்கும் டிக் போட்டிருப்பீங்க. புரோகிராம் திறந்ததும் கம்ப்யூட்டர் ரெண்டையும் தூக்கிப் பிடிச்சுக்கும், ரேடியோ அதைப் பேசச் சொல்றதா எடுத்துக்கும். ரெண்டையும் எடுத்துட்டு, கீழ 'கட்டளை மூலம்'னு இருக்கறதைப் போடுங்க. நானும் மூணு வருஷமா அதுலதான் ஓட்டறேன். மாவுக் கையோட குமிழைத் தொடக்கூடாதுன்னு வீட்டுல சட்டம். முதல் நாள் நானும் இதே ரெண்டு டிக்கைப் போட்டு, மாமியாரைப் பத்தி நான் பேசினது எந்த ஊர் வரைக்கும் போச்சுன்னு இன்னி வரைக்கும் தெரியல."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்று கப்பல்காரர் கேட்டார்.

"எப்படிச் சொல்றது? கம்ப்யூட்டர்ல ஓட்டறதெல்லாம் ஒரு ரேடியோவான்னு லிஃப்ட்காரர் சிரிப்பாரு."

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மூன்று வாரத்தை நினைத்து அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூன்றாவது பக்கத்தைத் திறந்து, இரண்டு டிக்கையும் எடுத்து, சொன்னதைப் போட்டு, கேபிளை மாட்டினாள். இரைச்சல் நிற்கவில்லை. பின்னால் போய்ப் பார்த்தாள், பச்சை.

"ரோல்கால் யார் நடத்தறது, நீங்களா நானா?" என்றது ஸ்பீக்கர். "பதினஞ்சு பேர் காத்திருக்கோம்."

அவர் மைக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசல்படியிலிருந்து அக்கா சொன்னாள்: "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு தம்பி. இனி சாண் என்ன, முழம் என்ன."

மனைவி அவர் மணிக்கட்டை எடுத்து ஸ்பேஸ் பார் பக்கத்தில் வைத்தாள். அமுக்கவில்லை, அது அவர் வேலை. என்ன சொல்வதென்று தெரியாமல், தினமும் நாற்பது பேருக்குச் சொல்வதே வாயில் வந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

பிடித்தார். மணிக்கட்டு இறங்கியது. பின்னால் சிகப்பு எரிந்தது.

"ஒண்ணாம் நம்பர்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அழைப்புக்குறியை முழுதாகச் சொன்னார். "இருக்கேன். ரெண்டாம் நம்பர் இருக்கீங்களா?"

அவள் டீ போடப் போய்விட்டாள். டீ கொதித்து வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் அடுப்படியில் நின்று கேட்டாள். மூன்று, நாலு, ஐந்து. ஆறாம் நம்பரிடம் ஏணி எப்படி வழுக்கியது என்று சொன்னார். ஒன்பதாம் நம்பரிடம் மெனு முப்பத்தேழைப் பற்றி, என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி அளந்தார். எட்டு மாதமாக அவளிடம் சொல்லாததையெல்லாம் எண்ணூறு கிலோமீட்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை.

டீயோடு அவள் உள்ளே வரும்போது முடித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயிறு, காலை பத்து மணி, இதே அலைவரிசை. நான் இருப்பேன்."

மறுநாள் காலை சட்டை போட்டுவிடும்போது அவர் சுவரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் பட்டன், இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் உதடு துடித்தது; அப்படியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"விடுங்க" என்றாள் அவள். "படம் எடுத்தாச்சு."

அவர் அழுதார். அவளும்தான். கடைசிப் பட்டனைப் போட்டு முடிக்க ரொம்ப நேரமானது, இரண்டு பேருக்குமே அன்றைக்கு விரல் சரியாக வேலை செய்யவில்லை.